விருந்தும் மருந்தும்

1

2020 ஏப்ரல் முதல் வாரத்தில், ஆள் பற்றாக்குறை என்று, திண்டிவனத்திலிருந்து என்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு சிறு கிளைக்குச் சில வாரங்கள் மாற்றுப் பணிக்கு அனுப்பியிருந்தார்கள். ரயில் நின்றுபோயிருந்த காலம். விழுப்புரத்திலிருந்து வண்டியில் போய்வருவேன். வழியில் போலீஸ் நிறுத்தும். கழுத்தில் தொங்கிய அட்டையைக் காட்டினால் விட்டுவிடும். ஜன்தன் கணக்கு வைத்திருக்கும் பெண்களுக்கு மாதம் 500 ரூபாய் வீதம் மூன்று மாதம் தருவதாக மத்திய அரசு அறிவித்திருந்தது. கணக்கு எண்ணின் கடைசி இலக்கப்படி இன்னார் இன்ன நாளில் வரவேண்டும் என்று ஏற்பாடு. வாசலில் சுண்ணாம்பால் வட்டங்கள் போட்டிருந்தோம். ஒரு வட்டத்துக்கு ஒருவர். வெயிலில் நின்று வட்டம் வட்டமாக நகர்ந்து கவுண்டருக்கு வருவார்கள்.

அப்படி வந்தவர்களில் ஐம்பது வயதுக்கு மேலான ஓர் அம்மாள். பாஸ்புக்கில் முகவரி கீழ்புத்துப்பட்டு முகாம். "எங்களுக்கும் வந்திருக்கோ, தம்பி?" என்று கேட்டார். பார்த்தேன். சாதாரணச் சேமிப்புக் கணக்கு, ஜன்தன் இல்லை. "இது வேற கணக்கும்மா, அந்தக் கணக்குக்குத்தான் வரும்" என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மை, அதோடு விஷயம் முடிந்திருக்கும். நான் சொன்னது வேறு. "அது நம்ம ஜனங்களுக்கும்மா" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. பின்னால் திரும்பி வாசலை ஒருமுறை பார்த்தார். "வட்டத்துக்குள்ள நில்லுங்கோ எண்டு சொன்னீங்கள், நிண்டனான். சரி தம்பி" என்று பாஸ்புக்கை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

என் குற்றவுணர்வை விரித்துக் காட்ட இதை எழுதவில்லை. குற்றவுணர்வு நம் எழுத்தில் ஏற்கனவே மலிந்துபோன சரக்கு. எனக்கு உறுத்தலாக இருப்பது, அந்த வாக்கியம் என் வாயில் தயாராக இருந்தது என்பதுதான். யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. எந்தச் சுற்றறிக்கையிலும் அது இல்லை. அடுத்த வருஷம், 2021 ஜூனில், முகாமுக்கு வெளியே காவல் நிலையத்தில் பதிவு செய்துகொண்டு வாழும் 13,553 இலங்கைத் தமிழ்க் குடும்பங்களுக்கும், ரேஷன் அட்டைதாரர்களுக்குக் கொடுத்த அதே 4,000 ரூபாய் கொரோனா நிவாரணம் தர மாநில அரசு உத்தரவிட்டது. மொத்தம் 5.42 கோடி. விழுப்புரத்தில் நாங்கள் நாலைந்து பேர் கூடும் டீக்கடையில் இது பேச்சாயிற்று. கவிஞர் ஒருவர், "தமிழனுக்குத் தமிழன் செய்யாமல் வேறு யார் செய்வது" என்றார். இன்னொரு நண்பர், கதை எழுதுபவர், "நம்ம ஜனத்துக்கே ஒழுங்காப் போய்ச் சேரல்ல" என்றார். முதலாமவர் சொன்னதில் நெஞ்சு விம்மியது; இரண்டாமவர் சொன்னதில் நான் கவுண்டரில் சொன்ன வாக்கியம் திரும்பக் கேட்டது. யோசித்துப் பார்க்கையில் இரண்டும் ஒரே நிலத்தில் நின்றுகொண்டு பேசியவை என்று எனக்குப் பட்டது. 'நம்ம' என்ற சொல்லின் எல்லையை ஒருவர் கொஞ்சம் தள்ளி வைக்கிறார். மற்றவர் கொஞ்சம் கிட்டே வைக்கிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

கேள்வி இதுதான்: கொள்ளைநோய்க் காலத்தில் பொதுப்பணத்தை, அந்தப் 'பொது'வைச் சேராதவர் என்று நாம் நினைக்கும் ஒருவருக்குச் செலவழிக்கும்போது, அந்தச் செலவை எந்தத் தலைப்பின்கீழ் எழுதுவது? தர்மம் என்றா, முன்னெச்சரிக்கை என்றா, கடன் என்றா? பணம் ஒன்றுதானே, தலைப்பு எதுவானால் என்ன என்று கேட்கலாம். வங்கியில் வேலை செய்பவன் அப்படிக் கேட்கமாட்டான். எந்தத் தலைப்பின்கீழ் எழுதினோம் என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த மாதம் அது தொடருமா நிற்குமா என்பது.

2

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று ஒரு பழமொழி. இரண்டையும் ஒரு மூச்சில் சொன்ன கிழவிக்கு, இவை இரண்டும் அந்நியரோடு நாம் கொள்ளும் உறவின் இரண்டு வகைகள் என்பது தெரிந்திருக்கவேண்டும். முதலில் விருந்து.

2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில், தண்டனை முடிந்த இலங்கைத் தமிழர் ஒருவர் தன்னை நாடு கடத்தக் கூடாது என்று போட்ட மனுவை விசாரித்த அமர்வு, உலகம் முழுவதிலுமிருந்து வரும் அகதிகளை வைத்துக்கொள்ள இந்தியா என்ன தர்மசாலையா என்ற பொருளில் கேட்டது. வாய்மொழியாகச் சொன்னது. ஆனாலும் எல்லாப் பத்திரிகைகளும் தலைப்பில் போட்டன. தமிழில் அது 'சத்திரம்' ஆயிற்று. சத்திரம் என்ற சொல்லை வசையாக உபயோகிக்க முடியும் என்பதை அன்றுதான் கவனித்தேன்.

ராமேஸ்வரம் போகும் பாதை நெடுகச் சத்திரங்கள் இருந்த தேசம் இது. தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி 1801இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதம் ஒன்று சரித்திரக்காரர்கள் அறிந்தது. தம் முன்னோர் நிறுவிய சத்திரங்களில் என்ன நடக்கிறது என்று அதில் விவரிக்கிறார். வழிப்போக்கர்களுக்குச் சாப்பாடு, நோயில் விழுந்தவர்களுக்கு வைத்தியரும் மருந்தும், பிள்ளை பெற்ற பெண்களுக்குப் பராமரிப்பு. ஊர், பேர், தேசம் விசாரித்துவிட்டுக் கஞ்சி ஊற்றும் வழக்கம் அங்கே இருக்கவில்லை. கிராமங்களின் வருவாய் இதற்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. அந்நியருடைய நோய்க்குப் பொதுப்பணம் என்பது ஐரோப்பாவிலிருந்து நாம் இறக்குமதி செய்த கருத்து இல்லை என்பதற்கு இது போதும்.

ஆனால் பழம்பெருமை பேசிக் கண்ணைத் துடைத்துக்கொள்வதற்கு முன், சத்திரத்தின் உள்ளமைப்பையும் பார்க்கவேண்டும். பந்தி ஜாதிப்படிதான். யாருக்கும் சோறு உண்டு. யார் எங்கே உட்காருவது என்பது முன்பே தீர்மானமானது. இன்னொன்று: சத்திரத்தில் சாப்பிட்டவனுக்குச் சத்திரத்தின்மேல் பாத்தியதை கிடையாது. புண்ணியம் கொடுத்தவனுடையது. தானத்தில் மையமாக இருப்பவன் எப்போதும் கொடுப்பவன்தான். வாங்குபவன் அந்தப் புண்ணியம் கடந்துபோகும் ஒரு வழி மட்டுமே. நாளைக்கு மன்னர் மனம் மாறினாலும், மன்னரே மாறினாலும், கேட்க முடியாது.

பழந்தமிழில் விருந்து என்ற சொல்லுக்குப் புதுமை என்று பொருள். தொல்காப்பியத்திலும் அதே பொருள்தான். புதிதாக வந்தவன் விருந்து. புதுமை தீர்ந்துபோனால் விருந்தும் தீர்ந்தது. 1983இல் வந்தவர்களைத் தமிழ்நாடு அப்படித்தான் எதிர்கொண்டது: ஊர்வலம், உண்ணாவிரதம், நிதி. 1991க்குப் பிறகு அந்தப் புதுமை போயிற்று. ஆள் இருந்தார்கள்.

கவிஞர் நண்பரின் 'தமிழனுக்குத் தமிழன்' இந்த விருந்தைச் சேர்ந்ததுதான். அதில் உள்ள வெப்பத்தை நான் மறுக்கவில்லை. அந்த வெப்பம் இல்லாவிட்டால் 2021இல் அந்த உத்தரவு வந்திருக்காது. ஆகஸ்டில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்ட 317.40 கோடி ரூபாய்த் திட்டமும், அதில் 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தரும் ஏற்பாடும் வந்திருக்காது. ஆனால் கேளம்பாக்கத்தில் புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் குடும்பங்களாகத் தங்கவைக்கப்பட்ட ரோஹிங்கியாக்களை அந்த வெப்பம் எட்டாது. அவர்களும் அதே கடற்கரைச் சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருந்தார்கள். அதே காற்றைத்தான் சுவாசித்தார்கள். உறவு என்ற தலைப்பின்கீழ் எழுதப்படும் செலவு, உறவு இல்லாதவனிடம் வந்ததும் நின்றுவிடும். உறவுக்காரனிடமும் ஒருநாள் நிற்கும், அவன் அலுத்துப்போகும்போது.

இங்கே நம் வட்டத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது. ஈழத்துக் கவிதைத் தொகுப்புகளைப் படித்து நாம் உருகியிருக்கிறோம். 2009ஐப் பற்றி எழுதாத கவிஞர் நம்மில் குறைவு. திண்டிவனத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் போகக்கூடிய கீழ்புத்துப்பட்டைப் பற்றி நம்மில் எத்தனை பேர் ஒரு வரி எழுதியிருக்கிறோம்? கடலுக்கு அப்பால் செத்தவன் நமக்குப் படிமம். கடலுக்கு இப்பால் பெயின்ட் அடிக்கப் போகிறவன் படிமம் ஆகமாட்டான். அவன் கூலி கேட்பான்.

3

இரண்டாவது, மருந்து. நோய் பரவும், அகதி என்று பார்த்துப் பரவாமல் இருக்காது, ஆகவே அவனுக்கும் ஊசி போடு, அவனுக்கும் அரிசி கொடு, இல்லாவிட்டால் நமக்கு ஆபத்து. பொருளாதாரம் தெரிந்தவர்களுக்கு மிகவும் பிடித்த வாதம் இது. உணர்ச்சி இல்லாதது, எல்லோருக்கும் புரிவது. கேளம்பாக்கத்தையும் எட்டும். இதை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம்மிடமே ஒரு சரித்திரம் இருக்கிறது.

இப்போது அகதிகளாக வருபவர்களை முதலில் கொண்டுபோய் வைக்கும் மண்டபம் முகாம், முதலில் அகதிகளுக்காகக் கட்டியதில்லை. போன நூற்றாண்டின் முற்பாதியில் அது இலங்கை அரசு இந்திய மண்ணில் நடத்திய தனிமைப்படுத்தும் முகாம். தேயிலை, ரப்பர் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன நம் ஜனங்களை - திருச்சி, சேலம், ராமநாதபுரம், நம் ஆற்காட்டுப் பக்கத்தவர்களையும்தான் - அங்கே சில நாட்கள் நிறுத்திவைத்தார்கள். அம்மை குத்தினார்கள், துணிகளைக் கிருமி நீக்கினார்கள், காலராவோ பிளேக்கோ இல்லை என்று தெரிந்த பிறகு கப்பலேற்றினார்கள். சாப்பாடும் வைத்தியமும் இலவசம். அந்நியனுடைய உடம்புக்காகத் தாராளமாகச் செலவு செய்யப்பட்டது. யாருக்காக? மறுகரையில் இருந்தவர்களுக்காக. அந்த உடம்பு இங்கே ஒரு கதவு. கதவைச் சுத்தமாக வைத்துக்கொண்டார்கள். அப்படிச் சுத்தம் செய்து அழைத்துப்போன மக்களில் மிகப் பெரும்பாலோர் 1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்கள் ஆனார்கள். மருந்து கொடுத்த கைக்கும் அதைப் பறித்த கைக்கும் இடையே எந்த முரண்பாடும் இல்லை. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு அவர்களில் பலர் அதே மண்டபம் வழியாகத் திரும்பிவந்தார்கள். 1983க்குப் பிறகு இன்னும் பலர் அதே மண்டபத்துக்கு அகதிகளாக வந்தார்கள். இன்று தமிழ்நாட்டு முகாம்களில் இருப்பவர்களில் சுமார் 29,500 பேர் இந்திய வம்சாவளியினர் என்று சொல்லப்படுகிறது. பாட்டன் போன வாசலிலேயே பேரன் வந்து நிற்கிறான்.

பழைய கதை என்று தள்ளவேண்டாம். 2020இல் சிங்கப்பூரில் தொழிலாளர் விடுதிகளில் நோய் பரவியபோது - விழுப்புரம் மாவட்டத்து வீடுகளில் சிங்கப்பூருக்கு ஆள் அனுப்பியவர்கள் தினமும் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்கள் - அந்த அரசு சிகிச்சையில் குறை வைக்கவில்லை. ஆனால் தினசரி எண்ணிக்கையை இரண்டாகப் பிரித்து வெளியிட்டது: 'சமூகம்' ஒன்று, 'விடுதி' ஒன்று. விடுதியில் ஆயிரக்கணக்கில் ஏறும், சமூகத்தில் இறங்கும். சமூகத்தில் இறங்கினால் நிம்மதி. அந்த வருஷக் கடைசியில் விடுதிகளில் இருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் தொற்றுக்கு ஆளாகியிருந்தார்கள் என்று அரசே சொல்லிற்று. நகரம் திறந்த பிறகும் அவர்கள் வெளியே போகும் சுதந்திரம் நெடுநாள் திரும்பவில்லை. போர்ச்சுகல் இதைவிடக் கௌரவமாக நடந்துகொண்டது: 2020 மார்ச்சில், குடியிருப்பு உரிமைக்கு விண்ணப்பித்துக் காத்திருந்த எல்லோரையும் தற்காலிகமாக உரிமை பெற்றவர்களாகவே கருதி, பொது மருத்துவ சேவையை அவர்களுக்கும் திறந்துவிட்டது. ஜூலை முதல் தேதிவரை என்று முதலில் ஒரு தேதியும் போட்டது.

மருந்தின் தர்க்கம் இதுதான். நோய் இருக்கும்வரை நீ எங்களில் ஒருவன். தடுப்பூசி வந்து பயம் போன மறுநாள், பழையபடி நீ யாரோ. மூன்று நாள்.

4

ஆல்பர் காம்யுவின் 'கொள்ளைநோய்' நாவலில் (1947) ராம்பேர் என்று ஒரு பத்திரிகையாளன். பாரிஸிலிருந்து ஏதோ வேலையாக ஒரான் நகரத்துக்கு வந்தவன். நோய் வந்து நகரத்தின் கதவுகளை அடைத்ததும் உள்ளே மாட்டிக்கொள்கிறான். தான் இந்த ஊர்க்காரன் இல்லை, தனக்கு நோய் இல்லை என்று சான்றிதழ் கொடு என்று டாக்டர் ரியூவைக் கேட்கிறான். டாக்டர் கொடுப்பதில்லை. இனி நீயும் இந்த ஊர்க்காரன்தான் என்ற பொருளில் பதில் சொல்கிறார். நாவலின் தார்மீக மையங்களில் ஒன்று இது என்று விமர்சகர்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அந்தப் பதிலின் காரணம். ராம்பேர்மேல் அன்பு ஏற்பட்டு அவனை ஊரில் சேர்க்கவில்லை. அவனால் தொற்றும் என்ற பயத்தினாலும் சேர்க்கவில்லை. கதவு அடைபட்டபோது அவன் உள்ளே இருந்தான். அடைப்பே அவனை ஊர்க்காரனாக்கியது.

(அதே நாவலில் இன்னொன்றும் இருக்கிறது. ராம்பேர் வந்ததே அந்நகரத்து அரபு மக்களின் வாழ்நிலை பற்றி எழுதத்தான். நோய் வந்த பிறகு அரபுகளையே காணோம். காம்யு போன்ற மனச்சாட்சியுள்ள எழுத்தாளனுக்கும் 'நகரம்' என்ற சொல்லில் சிலர் விட்டுப்போகிறார்கள். கவுண்டரில் நான் சொன்ன வாக்கியத்தைவிட அவர் விடுபட்டது நாகரிகமானது, அவ்வளவே.)

ஊரடங்குக் காலத்தில் மாநில அரசு அரிசி அட்டைதாரர்களுக்கு 2020இல் ஆயிரம் ரூபாயும், 2021இல் இரண்டு தவணையாக நாலாயிரம் ரூபாயும் கொடுத்தது. அதை வாங்கிய யாரும் தான் பிச்சை வாங்கியதாக நினைக்கவில்லை. ஏன்? 'வேலைக்குப் போகாதே, வீட்டிலேயே இரு' என்று சொன்னது நீ. அப்படியானால் சோற்றுக்கு நீதான் வழி சொல்லவேண்டும் - இந்த நியாயம் படிக்காத கிழவிக்கும் தெளிவாக இருந்தது. அது தானமோ முன்னெச்சரிக்கையோ மட்டும் இல்லை. ஒருவரை அடைத்து வைத்தவர் அவருடைய சோற்றுக்கும் மருந்துக்கும் கடன்காரர் ஆகிறார். நாம் வாங்கிய ஆயிரத்தின் நியாயம் இதுவானால், இந்த நியாயத்தின்படி முதல் வரிசையில் நிற்கவேண்டியவர் யார்?

இ-பாஸ் நினைவிருக்கிறதா? 2020இல் சில மாதங்கள், பக்கத்து மாவட்டத்துக்குப் போக அனுமதி கேட்டு, காரணம் எழுதி, மறுக்கப்பட்டு, திரும்ப எழுதிக் காத்திருந்தோம். திண்டிவனத்தைத் தாண்டி மேல்மருவத்தூர் போகவும், எல்லை அடைத்திருந்த புதுச்சேரிக்குள் நுழையவும் மனிதர்கள் கெஞ்சியதைப் பார்த்தேன். ஜனநாயகம் செத்துவிட்டது என்று நாம் கட்டுரை எழுதினோம். முகாமில் அது முப்பது வருஷ வழக்கம். வெளியூர் போனால் அனுமதி. திரும்பும் நேரத்துக்குக் கணக்கு. குறித்த நாட்களில் அதிகாரி வந்து தலை எண்ணும்போது ஆள் இல்லாவிட்டால் அந்த மாதப் பணம் போய்விடும். அந்தப் பணமும் 2021 ஆகஸ்ட்வரை குடும்பத் தலைவருக்கு மாதம் 1,000, மற்றப் பெரியவர்களுக்கு 750, குழந்தைகளுக்கு 400 ரூபாய். அதன் பிறகுதான் 1,500, 1,000, 500 ஆயிற்று. நோய்க்கு முந்திய தொகையைக் கணக்குப் போட்டால் தலைவருக்கு ஒரு நாளைக்கு 33 ரூபாய். அதில் யாரும் வாழ்ந்ததில்லை. ஆண்கள் பெயின்ட் அடிக்கவும் கட்டட வேலைக்கும் போய்த்தான் வாழ்ந்தார்கள். ஊரடங்கில் அதுவும் நின்றது. அடைப்புக்குள் ஓர் அடைப்பு.

யார் இவர்களை அடைத்தார்கள், தாமாக வந்தவர்கள்தானே, போகவேண்டியதுதானே என்று கேட்பார்கள். இது நேர்மையான கேள்வி, பதில் சொல்லவேண்டும். கடன் வந்தது அவர்கள் வந்ததனால் இல்லை. வந்தவர்களை நாம் வைத்திருக்கும் விதத்தினால். 1951 ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஆகவே 'அகதி' என்ற சட்டநிலையே இங்கே இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பக்கத்து நாடுகளிலிருந்து வந்த சிலருக்குக் கதவைத் திறந்தது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. 2015 ஜனவரி 9க்கு முன்னால் வந்து பதிவு செய்துகொண்டவர்கள்மேல் ஆவணம் இல்லை என்பதற்காக வழக்குப் போடுவதில்லை என்ற விலக்கே 2025 செப்டம்பரில்தான் வந்தது. இங்கேயே பிறந்து, இங்கேயே பி.ஏ. முடித்தவனுக்கு அரசாங்க வேலை கிடையாது. என் வங்கித் தேர்வும் கிடையாது. ஒருவன் சம்பாதிக்கும் வழிகளை ஒவ்வொன்றாக மூடிவிட்டு, அவன் செலவு வைக்கிறான் என்று குறைசொல்வது கணக்கு தெரிந்தவன் பேச்சு இல்லை. செலவு அதிகம் என்று உண்மையாகவே கருதுபவர் கேட்கவேண்டியது, முகாமின் வாசலைத் திற, அவர்களை வேலை செய்யவிடு, குடியுரிமை கொடு என்பதைத்தான். அடைப்பு நீங்க நீங்கக் கடனும் குறையும். அடைப்பையும் வைத்துக்கொண்டு கடனையும் மறுப்பது நடக்காது.

5

கதை எழுதும் நண்பருடைய வாதம் மிச்சம் இருக்கிறது. முதலில் நம்ம ஜனம். பணம் கொஞ்சம், படுக்கை கொஞ்சம். 2021 மே மாதம் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையைத் தாண்டித்தான் நான் தினமும் வேலைக்குப் போனேன். வாசலில் ஆம்புலன்ஸ்கள் நின்றதைப் பார்த்தவனுக்கு இந்த வாதம் லேசானதாகத் தெரியாது.

ஆனால் 'நம்ம ஜனம்' என்பவர் யார்? திண்டிவனத்தைச் சுற்றி இருளர் குடும்பங்கள் இருக்கின்றன. ஏரிக்கரையில், புறம்போக்கில், செங்கல் சூளையில், அரிசி ஆலையில். இந்த மண்ணில் இவர்களைவிடப் பழையவர்கள் இல்லை. ஜாதிச் சான்றிதழுக்காக வருஷக்கணக்கில் அலைகிறார்கள். ரேஷன் அட்டை இல்லாத குடும்பங்கள் இருந்தன. நிவாரணம் அட்டைக்கு என்றபோது, அட்டை இல்லாத குடிமகன் அகதிக்கும் கீழே போய்விட்டான். திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் இவர்களுக்காகப் பல வருஷங்களாக மனு எழுதி அலைந்ததை நண்பரும் அறிவார், நானும் அறிவேன். 'முதலில் நம்ம ஜனம்' என்று டீக்கடையில் பேசிய யாரும் அந்த மனுவில் ஒன்றைக்கூடத் தூக்கிக்கொண்டு தாலுகா ஆபீஸ் படி ஏறியதில்லை, நானும்தான். அகதியின் பெயர் வரும்போதுதான் இருளர் நம் ஞாபகத்துக்கு வருகிறார். அகதியை மறுத்து முடித்ததும் அவரையும் மறந்துவிடுகிறோம். இந்த வாதம் யாருக்காகச் சொல்லப்படுகிறதோ அவருக்கு அதனால் ஒரு கைப்பிடி அரிசியும் கிடைத்ததில்லை.

'பொது' என்பது அட்டையும் இல்லை, ரத்தமும் இல்லை. அரசியல் சாசனத்தை எழுதியவர்கள் இதில் நம்மைவிடக் கவனமாக இருந்தார்கள். பேச்சுச் சுதந்திரம் போன்றவற்றைத் தரும் 19ஆம் பிரிவில் 'குடிமக்கள்' என்று போட்டவர்கள், சட்டத்தின்முன் சமத்துவம் பற்றிய 14ஆம் பிரிவிலும் உயிர் பற்றிய 21ஆம் பிரிவிலும் 'எந்த நபருக்கும்' என்று போட்டார்கள். 1996இல் அருணாசலப் பிரதேசத்துச் சக்மா அகதிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவர்கள் உயிரைக் காக்கும் கடமை மாநில அரசுக்கு உண்டு என்றது. சத்திரமா என்று கேட்டதும் அதே நீதிமன்றம்தான். ஆனால் முன்னது தீர்ப்பு. வரிப்பணம் என்றால், முகாமில் இருப்பவரும் சோப்புக்கும் மாத்திரைக்கும் நம்மைப்போலவே வரி கொடுத்துத்தான் வாங்குகிறார். பொதுப்பணத்தில் அவருடைய சில்லறையும் இருக்கிறது.

வங்கியில் சேர்ந்த புதிதில் எனக்கு ஒன்று விளங்க நாளாயிற்று. மக்கள் போடும் டெபாசிட் வங்கியின் சொத்துப் பக்கத்தில் வராது. பொறுப்புப் பக்கத்தில்தான் வரும். கையில் இருக்கிறது என்பதால் நம்முடையது ஆகிவிடாது. எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாத தொகையைச் சஸ்பென்ஸ் அக்கவுண்டில் வைப்போம். அதுவும் பொறுப்புதான், நெடுநாள் கிடந்தால் ஆடிட்டர் காரணம் கேட்பார். 2021இல் அரசு சொன்ன கணக்குப்படி 108 முகாம்களில் 58,822 பேர், வெளியே 34,087 பேர். நாற்பது வருஷமாகச் சஸ்பென்ஸில் கிடக்கும் பதிவுகள். அந்த ஆகஸ்டில் 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள். நல்லதுதான். தலைப்பை மாற்றுவது பதிவைத் தீர்ப்பதாகாது.

பழமொழியைச் சொன்ன கிழவி விருந்தாளியைத் துரத்தச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. மூன்று நாளைக்குமேல் ஒருவர் விருந்தாகவே இருக்க முடியாது; நான்காம் நாள் அவர் வீட்டு வேலையில் கைவைக்கவேண்டும், உலையில் அவர் அரிசியும் விழவேண்டும். விருந்து முடியும் இடத்தில் வீடு தொடங்கவேண்டும். நாம் நாற்பது வருஷமாக மூன்றாம் நாளிலேயே அவர்களை நிறுத்தி வைத்திருக்கிறோம்.

ஜூனில் நான் திண்டிவனத்துக்குத் திரும்பிவிட்டேன். அந்த அம்மாளைப் பிறகு பார்க்கவில்லை. புதுச்சேரி போகும்போது முகாம் பக்கம் பலமுறை கடந்திருக்கிறேன்; இறங்கியதில்லை. அவர் அன்று கேட்டது ஐந்நூறு ரூபாய். அதைத் தரும் அதிகாரம் எனக்கு இல்லை. என்னால் தரக்கூடியதாக இருந்தது அவருடைய கணக்கு என்ன வகை என்ற விவரம் ஒன்றுதான். அதைக்கூட நான் தரவில்லை.